பிரெஞ்சு இடைக்காலக் கலையைக் கூடத்தில் பார்ப்பது எப்படி: சின்னதிலிருந்து பெரியதற்கு ஒரு முழு வழிகாட்டி

பாரிஸுக்கு வரும் நண்பர்களையும் உறவுக்காரர்களையும் க்ளூனி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். வாசலைத் தாண்டியதும், “இங்கே யாருடைய படம் இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். இடைக்காலக் கூடத்தில் அந்தக் கேள்வி செல்லாது. பெரும்பாலான பொருளுக்குச் செய்தவர் பெயர் தெரியாது. பல பொருள் படமே அல்ல. தந்தம், செம்பு, கண்ணாடி, கம்பளி நூல், கன்றுத்தோல். எதனால் ஆனது, முன்பு எங்கே நின்றது, யார் கையில் இருந்தது என்ற மூன்று கேள்விகளோடு போனால் ஒவ்வொன்றும் பேச ஆரம்பிக்கும்.

இன்னொரு தடுமாற்றம் வரிசையில். வந்ததும் பேர்போன ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைகளை நோக்கி ஓடுகிறார்கள். பெரியதைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அதன்பின் உள்ளங்கையளவு தந்தச் சிற்பம் எடுபடுவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு கூடத்திலும் சின்னதில் தொடங்கி பெரியதில் முடிக்கச் சொல்கிறேன். கீழே உள்ள படிகள் சுமார் 1140 முதல் 1540 வரையிலான பிரெஞ்சுக் கலைக்கானவை. இடம் பாரிஸும் அதன் சுற்றுவட்டமும்.

1. பொருள் காட்சியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஓவியச் சுவடிகளும் துணிகளும் வெளிச்சத்தில் நிறம் இழப்பவை. அதனால் சுவடியின் ஒரு பக்கத்தைச் சில மாதம் காட்டிவிட்டு, நீண்ட காலத்துக்கு இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெர்ரி பிரபுவுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் வரைந்த ‘த்ரே ரிஷ் ஊர்’ ஜெபநூல் பாரிஸுக்கு வடக்கே ஷாந்தியி கோட்டையில்தான் இருக்கிறது. ஆனால் கோட்டைக்குப் போகிற எல்லோருக்கும் அது கிடைக்காது. 2025 கோடையில், சீரமைப்புக்காகத் தைப்பைப் பிரித்திருந்த சமயத்தில், அதன் பன்னிரண்டு மாத நாட்காட்டி ஏடுகளைத் தனித்தனியே வைத்துக் காட்டினார்கள். அந்த மாதிரி வாய்ப்பு அடிக்கடி வராது. கோட்டையையும் அதிலுள்ள சேகரிப்பையும் கொடுத்துவிட்டுப் போன ஓமால் பிரபு, தன் சேகரிப்பு எதையும் வெளியே இரவல் தரக்கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தார். ஆகவே வேறு ஊர்க் கண்காட்சிக்கு அது வரும் என்று காத்திருக்கவும் முடியாது.

லூவ்ரின் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் உண்டு. காட்சியில் இருந்தால் எந்தச் சிறகு, எந்தத் தளம், எந்த அறை எண் என்று இருக்கும். இல்லாவிட்டால் ‘நோன் எக்ஸ்போஸே’ என்று இருக்கும். அதோடு அன்றைக்கு மூடியிருக்கும் அறைகளின் பட்டியலையும் பாருங்கள். லூவ்ர் திறந்திருக்கிறது என்பதற்கு எல்லா அறையும் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை.

நான் ஒரு குளிர்காலத்தில் இரண்டு மணிநேரம் ரயிலில் போய், ஒரு சுவடி இருந்த பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். உள்ளே ஒரு அட்டை மட்டும் இருந்தது: சுவடி ஓய்வில் இருக்கிறதாம். கிளம்பும் முன் ஒரு தொலைபேசி செய்திருந்தால் அந்தப் பயணம் மிச்சம்.

2. நாட்களை அடுக்குங்கள்

க்ளூனிக்குத் திங்கள் விடுமுறை. லூவ்ருக்கும் எக்குவான் கோட்டைக்கும் செவ்வாய் விடுமுறை. மூன்று நாள் கையில் இருந்தால் புதன், வியாழன், வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். மாலை ஆறு மணிக்குமேல் ரிஷ்லியூ சிறகில் காலடிச் சத்தம்கூடக் குறைந்துவிடும்.

முதல் நாள் காலை க்ளூனி, மதியம் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பேர்போன சென்த்-ஷப்பேல் கோயில். இரண்டுக்கும் நடுவே பாலம் தாண்டிப் பத்து நிமிட நடை. இந்தச் சோடியை மாற்றாதீர்கள். காரணம் கண்ணாடிப் படியில் வரும்.

இன்னொரு நாள் லூவ்ர். ரிஷ்லியூ சிறகில் தரைத்தளத்தில் பிரெஞ்சுச் சிற்பம், முதல் தளத்தில் தந்தம், எனாமல் (உலோகத்தின்மேல் சுட்டு ஒட்டிய நிறக் கண்ணாடி), பொன் வேலை, இரண்டாம் தளத்தில் ஓவியம். எல்லோரும் தரையிலிருந்து மேலே ஏறுவார்கள். நீங்கள் முதல் தளம், இரண்டாம் தளம், கடைசியில் தரை என்று போங்கள்.

மூன்றாம் நாள் மறுமலர்ச்சிக்கு, அதாவது இத்தாலியில் தொடங்கி இடைக்காலத்துக்குப் பின் வந்த புதுப்பாணிக்கு. நோர் ரயில் நிலையத்திலிருந்து ஹெச் தடத்தில் எக்குவான் போகலாம். அங்குள்ள கோட்டைதான் தேசிய மறுமலர்ச்சி அருங்காட்சியகம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் 13ஆம் எண் மெட்ரோவில் சென்-தெனி பேராலயம். கைகூப்பிப் படுத்திருக்கும் இடைக்கால அரசர் கல்லறைகளும், பன்னிரண்டாம் லூயியும் பிரித்தானியின் ஆன்னும் மேலே முழந்தாளிட்டு ஜெபித்தபடியும் கீழே பிணமாகவும் இருக்கும் புதுப்பாணிக் கல்லறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ரசனை எந்தத் தலைமுறையில் திரும்பியது என்பது அங்கே அரை மணிநேரத்தில் விளங்கும்.

3. கையில் என்ன வேண்டும்

முதலில் படிக்கும் கண்ணாடி. நாற்பது தாண்டியவர்கள் பலர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்து, எட்டு சென்டிமீட்டர் பக்கத்தின்முன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டாவது சின்ன பைனாகுலர். இரண்டு மீட்டர் தூரத்திலும் குவியக்கூடியதாக இருக்கட்டும். சாதாரணமானவை கிட்டத்தில் மங்கும்.

மூன்றாவது பென்சிலும் சின்ன நோட்டும். பேனாவைக் கண்டால் காவலர் வந்துவிடுவார். அவர் பக்கத்தில் நியாயம் உண்டு. டார்ச் கொண்டுபோகாதீர்கள், கைபேசி ஃபிளாஷை முன்பே அணைத்துவிடுங்கள். முதுகுப்பையைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே திரும்பும்போது முதுகில் பை இருப்பதே மறந்துபோகும்.

4. முந்தின இரவு ஒரு மணிநேரம் படியுங்கள்

வரலாறு படிக்கச் சொல்லவில்லை. அடையாளங்களைப் படியுங்கள். அது தெரியாமல் போனால் எல்லாப் பெண்களும் மாதா, எல்லாத் தாடிக்காரர்களும் ராஜா என்றாகிவிடும்.

புனிதர்களை முகத்தால் அல்ல, கையில் இருப்பதால்தான் அறிய வேண்டும். சக்கரம் என்றால் கத்தரீன். கோபுரம் என்றால் பார்பரா. காலடியில் டிராகன், பெண் என்றால் மார்கரீத். சிறகுள்ளவர் என்றால் மிக்கேல் தூதர். தைலச் சிமிழ் மகதலா மரியாள். தலைமேல் அல்லது தோளில் கல் இருந்தால் ஸ்தேவான். வெட்டுண்ட தன் தலையைத் தானே ஏந்தி நிற்பவர் பாரிஸின் தெனி. வேளாங்கண்ணி, பூண்டிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் பாதி ஏற்கனவே தெரிந்திருக்கும்.

அடுத்தது நேர ஜெபநூலின் எட்டுக் காட்சிகள். பணமுள்ள வீட்டார் நாளை எட்டு வேளையாகப் பிரித்து ஜெபிப்பதற்கான நூல் அது. பெரும்பாலும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு படம் வழக்கமாக இருந்தது: மங்கள வார்த்தை, எலிசபெத்தம்மாளைச் சந்தித்தல், பிறப்பு, இடையர்களுக்கு அறிவிப்பு, மூன்று ராஜாக்கள், ஆலயத்தில் காணிக்கை, எகிப்துக்கு ஓட்டம், மாதா முடிசூட்டு. இந்த வரிசை மனதில் இருந்தால், திறந்து வைத்த பக்கம் நூலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று, பக்கத்தில் வைத்திருக்கும் விவரச் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தாவீது ராஜா வந்தால் மனஸ்தாப சங்கீதங்கள். சவப்பெட்டி வந்தால் இறந்தோர் ஜெபம்.

கடைசியாகச் சின்னங்கள். நீலத்தில் பொன் லில்லிகள் இறைந்து கிடந்தால் பழைய பிரெஞ்சு அரச சின்னம். மூன்று மட்டும் என்றால் ஐந்தாம் சார்ல்ஸ் காலத்துக்குப் பின், அதாவது 1370களுக்குப் பின் வழக்கமானது. முள்ளம்பன்றி பன்னிரண்டாம் லூயி. நெருப்பில் கிடக்கும் சலமாந்தர் (பல்லி போன்ற பிராணி) முதலாம் பிரான்சுவா. அன்னமும் கரடியும் சேர்ந்தால் பெர்ரி பிரபு. சீட்டில் எழுதாத உரிமையாளரைச் சுவரோரச் சின்னம் காட்டிக்கொடுக்கும்.

5. சீட்டு மொழியைப் பழகிக்கொள்ளுங்கள்

பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பத்துச் சொல் போதும். ‘வெர் 1450’ என்றால் 1450 வாக்கில். ‘அத்தலியே’ என்றால் அந்தக் கலைஞரின் பட்டறை. அவர் கை பட்டிருக்கலாம், படாமலும் இருக்கலாம். ‘அத்ரிபுவே ஆ’ என்றால் அவருடையது என்று ஆய்வாளர்கள் சேர்த்திருக்கிறார்கள், கையொப்பம் இல்லை. ‘தாப்ரே’ என்றால் அவர் படைப்பைப் பார்த்துப் பின்னால் ஒருவர் செய்தது. இந்த நான்கையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, “ஃபூக்கே ஓவியம் பார்த்தேன்” என்று, பதினைந்தாம் நூற்றாண்டின் பேர்போன பிரெஞ்சு ஓவியர் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

‘மேத்ர் த…’ என்று தொடங்கும் பெயர்கள் ஆய்வாளர் வைத்த பட்டப்பெயர்கள். ‘மூலேன் ஆசான்’ என்பவரை இன்று ஜான் எய் என்று அடையாளம் காண்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு சீட்டில் இரண்டு பெயரில் இருக்கலாம், குழம்பாதீர்கள்.

ரோமன் எண்ணில் பதினைந்தாம் நூற்றாண்டு என்றால் 1400கள். இதில் சறுக்காதவர் இல்லை. ‘மூன்றாம் கால்’ என்று சேர்த்திருந்தால் 1450–1475. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும்வரை அரச ஆவணங்களில் ஆண்டு ஈஸ்டரில்தான் மாறியது. பன்னிரண்டாம் லூயி இறந்த 1515 ஜனவரி 1, அன்றைய கணக்கில் இன்னும் 1514. சீட்டில் இரண்டு ஆண்டு போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

பதிவு எண்ணையும் கவனியுங்கள். லூவ்ரில் ‘ஓ.ஆ.’ என்று தொடங்கினால் கலைப்பொருள் துறை. ‘எம்.என்.ஆர்.’ என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து மீட்கப்பட்டு, உரியவர் இன்னும் கண்டறியப்படாததால் அரசு பாதுகாப்பில் வைத்திருப்பது. அந்த மூன்றெழுத்தைக் கண்டால் நான் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பேன்.

6. உள்ளே போனதும் நிற்காமல் ஒரு சுற்று

முதல் பதினைந்து நிமிடம் எதன்முன்னும் நிற்காமல் கடைசி அறைவரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு பயன். சுவடிக்கும் துணிக்கும் சுமார் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். வெயிலிலிருந்து வந்த கண் அதற்குப் பழகப் பல நிமிடம் வேண்டும். “இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியலை” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தில்தான் சொல்கிறார்கள்.

அடுத்த பயன், எங்கே திரும்பி வரவேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு வருகைக்கு ஏழெட்டுப் பொருள் போதும். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தவர்கள் எதையும் நினைவில் கொண்டுபோனதில்லை.

ஒவ்வொன்றின் முன்னும் முதலில் பொருள், பிறகு சீட்டு. சீட்டைப் படித்துவிட்டுப் பார்த்தால் சீட்டு சொன்னதை மட்டும் தேடுவீர்கள்.

7. சுவடியில் தொடங்குங்கள்

கண் புதிதாக இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். பெட்டிக்கு நேர் மேலே நின்று பார்த்தால் பொன் பழுப்பாகத்தான் தெரியும். முட்டியை மடக்கிப் பக்கத் தளத்துக்குக் கண்ணைத் தாழ்த்துங்கள். பொன் இலை ஒட்டி மெருகிட்ட இடம் கண்ணாடிபோல் மின்னும். பொன்தூளைக் குழைத்துத் தூரிகையால் இட்ட இடம் மங்கலாக, மணல்போல் இருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஓவியர் எதை அழுத்திச் சொல்ல நினைத்தார் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து ஓரங்களைப் பாருங்கள். கொடிகளுக்குள் நத்தையும் குரங்கும் விளையாடும். பக்கத்தின் கீழ்மூலை கறுத்திருந்தால் அந்த நூல் உண்மையிலேயே கையாளப்பட்டது. பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் பெட்டிக்குள் கிடந்திருக்கும்.

தனி ஏடாகச் சட்டத்துக்குள் இருந்தால், அது நூலிலிருந்து வெட்டப்பட்டதா என்று கேளுங்கள். அரசரின் பொக்கிஷ அதிகாரி எத்தியேன் ஷெவாலியேவுக்காக ஜான் ஃபூக்கே வரைந்த ஜெபநூல் அப்படித்தான் சிதறியது. நாற்பது ஓவியம் ஷாந்தியியில், இரண்டு லூவ்ரில், மற்றவை வேறு வேறு ஊர்களில். சட்டத்தில் தொங்குவதால் அதைச் சுவரோவியம்போல் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பது தவறு. மடியில் வைத்துப் படித்த தூரத்தில்தான் அது வேலை செய்யும்.

ஃபூக்கே பக்கங்களில் வட்ட வளைவு, பளிங்குத் தூண், இத்தாலியப் பூவேலை எல்லாம் 1450களிலேயே வந்துவிடுகின்றன. அவர் இளமையில் இத்தாலி போய்வந்தவர். மறுமலர்ச்சி 1500இல்தான் பிரான்ஸுக்கு வந்தது என்று மனதில் கோடு போட்டு வைத்திருந்தால், அந்தக் கோட்டை இங்கேயே அழித்துவிடுவது நல்லது.

8. தந்தமும் எனாமலும்

நின்ற கோலத் தந்த மாதாக்கள் இடுப்பில் ஒசிந்து நிற்பார்கள். நம்மவர்கள் உடனே ‘திரிபங்கம்’ என்பார்கள். தந்தம் இயல்பிலேயே வளைந்தது. சிற்பி அந்த வளைவோடு போனார். பின்னர் அந்த ஒசிவு ஒரு பாணியாகவே நிலைத்து, வளையத் தேவையில்லாத கல்லிலும் வந்தது. பக்கவாட்டில் நின்று முதுகுக் கோட்டைப் பாருங்கள். கொம்பின் வளைவு பிடிபடும். லூவ்ரில் சென்த்-ஷப்பேலின் தந்த மாதா இதற்கு நல்ல தொடக்கம். 1260களை ஒட்டிய வேலை.

எனாமலில் மூன்று வகையைப் பிரித்தறிந்தால் காலம் கைக்கு வந்துவிடும். செம்பைக் குடைந்து, பள்ளத்தில் ஒளிபுகாத நிறங்களை நிரப்பியது பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு லிமோஜ் நகர வேலை; புனிதர்களின் எலும்பு முதலிய மிச்சங்களை வைக்கும் அருளிக்கப் பேழைகள் பல இப்படி. வெள்ளிமேல் ஒளி ஊடுருவும் எனாமல் பதினான்காம் நூற்றாண்டின் அரண்மனை வேலை. ராணி ஜான் தெவ்ரோ 1339இல் சென்-தெனிக்குக் கொடுத்த வெள்ளி மாதாவின் பீடத்தைக் குனிந்து பாருங்கள். பீடத்தைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். செம்புத் தகட்டில் தூரிகையால் படம்போலவே தீட்டியது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லிமோஜின் சிறப்பு.

இதில் ஒரு பொறி உண்டு. ஃபூக்கேயின் தன்னுருவப் படத்தை எல்லோரும் ஓவியத் தளத்தில் தேடுவார்கள். அது சுமார் 7 சென்டிமீட்டர் வட்டச் செம்புத் தகட்டில் எனாமலில் செய்தது. பதிவு எண் ஓ.ஆ. 56. ஆகவே கலைப்பொருள் துறையில் தேட வேண்டும்.

9. கண்ணாடியை முதலில் கிட்டத்தில், பிறகு தூரத்தில்

க்ளூனியில் சென்த்-ஷப்பேலிலிருந்து எடுத்த சில கண்ணாடித் துண்டுகள் கண் மட்டத்தில், பின்னால் விளக்கோடு இருக்கின்றன. முதலில் அங்கே நில்லுங்கள். முகக் கோடு, துணி மடிப்பு எல்லாம் கறுப்புச் சாயத்தில் தூரிகையால் வரைந்து சுட்டவை என்பது தெரியும். ஈயக் கோடுகளில் எது வடிவத்தைத் தொடர்கிறது, எது முகத்தைக் குறுக்கே வெட்டுகிறது என்று பாருங்கள். குறுக்கே வெட்டுவது பெரும்பாலும் உடைந்ததை ஒட்டிய இடம்.

வெள்ளைக் கண்ணாடித் துண்டிலேயே முடியோ கிரீடமோ மட்டும் மஞ்சளாக இருந்தால் அது வெள்ளிச் சாயம். சுமார் 1300க்குப் பிறகுதான் வந்தது. இந்த ஒரு குறிப்பு எத்தனையோ சீட்டுகளைச் சரிபார்க்க உதவியிருக்கிறது.

அதன்பின் மதியம் சென்த்-ஷப்பேல். 1248இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கோயிலின் பதினைந்து சன்னல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள். க்ளூனியைப் பார்க்காமல் இங்கே வந்தவர்கள் ஒளியைப் பார்த்து மயங்கிவிட்டுக் கதையைப் பார்க்காமல் போவார்கள். கிட்டத்தில் ஒன்றைப் பார்த்த கண், பைனாகுலரோடு அங்கே ஒரு சன்னலையாவது கீழிருந்து மேலாகப் படிக்கும். கதை கீழே இடப்பக்கத்தில் தொடங்கும் என்பதுதான் பொதுவான விதி. நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். நேரம் குறித்த டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

10. பலகை ஓவியம்

தப்பிப் பிழைத்த பிரெஞ்சுப் பலகை ஓவியங்கள் குறைவு. அதனால் இந்த அறைகளில் அவசரம் வேண்டாம். லூவ்ரில் இரண்டாம் ஜான் அரசரின் பக்கவாட்டு முகம், சுமார் 1350, முதலில். பொன் பின்னணி, அரசர் என்று சொல்ல மேலே எழுத்து மட்டும், கிரீடம்கூட இல்லை. அடுத்து ஃபூக்கே தீட்டிய ஏழாம் சார்ல்ஸ். நூறு ஆண்டு இடைவெளியில் முகம் முன்பக்கமாகத் திரும்பிவிட்டது, உடம்புக்குக் கனம் வந்துவிட்டது. கடைசியில் ஜான் க்ளூவே பெயரில் உள்ள முதலாம் பிரான்சுவா, சுமார் 1530. மூன்றையும் இந்த வரிசையில் பார்த்தால் எந்த விரிவுரையும் வேண்டாம்.

வில்நவ்-லேஸ்-அவிஞ்ஞோன் பியெத்தாவுக்கு (இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மாதா) மட்டும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அங்கெராங் கார்த்தோன் வரைந்தது என்று கருதப்படுகிறது, சுமார் 1455. பொன்னில் ஊசியால் குத்தி எழுதிய ஒளிவட்ட எழுத்துக்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நேரே நின்றால் தெரியாது. இடது ஓரத்தில் ஒளிவட்டம் இல்லாமல் முழந்தாளிட்டிருப்பவர் படத்துக்குப் பணம் கொடுத்தவர். அவர் பார்வை எங்கே போகிறது என்று பாருங்கள். மற்றவர்கள் துக்கத்துக்குள் இருக்கிறார்கள். அவர் அதைத் தியானத்தில் காண்கிறார்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, தூரக்காட்சி இலக்கணம் சரியில்லை என்று மார்க் போடுவது. உடல் வளைவும் வெறும் பொன்வானமும் ஓவியர் தெரிந்தே எடுத்த முடிவுகள்.

11. கல்லைச் சுற்றி வாருங்கள்

பெரும்பாலான கோயில் சிற்பம் சுவரோடும் தூணோடும் ஒட்டி நின்றது. தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. அருங்காட்சியகம் அதைக் கண் மட்டத்துக்கு இறக்கிவிட்டது. ஆகவே தலை பெரிதாக, கழுத்து முன்தள்ளி இருப்பதாகத் தோன்றினால் சிற்பியைக் குறை சொல்லாமல், குனிந்து கீழிருந்து பாருங்கள்.

க்ளூனியில் நோத்ருதாம் பேராலய முகப்பின், விவிலியத்தில் வரும் யூதா அரசர் தலைகள் இதற்கு ஏற்றவை. இவர்களைப் பிரெஞ்சு அரசர்கள் என்று எண்ணிப் புரட்சிக்காரர்கள் 1793இல் தள்ளிவிட்டார்கள். 28 சிலைகளில் 21 தலைகள் 1977இல் ஒரு வங்கிக் கட்டட வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. கன்னத்திலும் உதட்டிலும் நிறத்தின் மிச்சம் இருக்கிறது. கல் என்றால் வெள்ளை என்ற எண்ணத்தை அது ஒன்றே கலைத்துவிடும். இந்தக் கோயில்கள் எல்லாம் நம் கோபுரங்களைப்போலவே வண்ணம் பூசியவை.

லூவ்ரின் தரைத்தளத்தில் ஃபிலிப் போவின் கல்லறை. ஆளுயரத்துக்கு எட்டுப் பேர், முக்காடிட்டு, படுத்திருக்கும் பிரபுவைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள். ஒரே பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். சுற்றி நடங்கள்; ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு குலச் சின்னம். முக்காட்டுக்குள் முகம் தெரிய நீங்களும் தாழ வேண்டும். இது பிடித்துப்போனவர்களுக்கு அடுத்த ஊர் திஷோன். பர்கண்டிப் பிரபுக்களின் கல்லறைகளில் இதே துக்கக்காரர்கள் முழங்கையளவு உயரத்தில் வளைவுகளுக்கு அடியில் நடக்கிறார்கள்.

12. கடைசியில் நெசவுத் திரை

க்ளூனியின் ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்’ ஆறு திரைகள், சுமார் 1500. ஐந்து திரை ஐந்து புலன்கள். ஆறாவதில் கூடாரத்தின்மேல் ‘ஆ மோன் சோல் தெசிர்’ என்ற வாசகம். அதன் பொருளை இன்னும் விவாதிக்கிறார்கள், நீங்களும் விவாதிக்கலாம். முதலில் அறையின் நடுவில் உட்காருங்கள். அங்கே இருக்கை இருப்பதே அதற்காகத்தான்.

பிறகு கிட்டே போய் அடிப்பாகத்தைப் பாருங்கள். கீழ்ப்பட்டையின் சிவப்பு மேலே உள்ளதைவிட வெளிறியிருக்கும். ஈரத்தில் கெட்டுப்போன பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதிச் சாயம் போட்ட நூலால் திரும்ப நெய்தார்கள். அந்தச் சாயம் மங்கிவிட்டது. ஐநூறு ஆண்டுப் பழைய செடிச்சாயமோ அப்படியே நிற்கிறது. வெளிறிய இடம்தான் மிகப் பழையது என்று சொல்லாதவர் அரிது.

எல்லாத் திரையிலும் தெரியும் மூன்று பிறைச் சின்னம் லெ வீஸ்த் குடும்பத்தினுடையது. அரசர், பிரபு இல்லாத ஒரு வழக்கறிஞர் குடும்பம் இவ்வளவு செலவழித்திருக்கிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திரைகளில் ஈடுபாடு வந்தால் அடுத்து ஆஞ்சே கோட்டையின் ‘திருவெளிப்பாடு’. 1370களில் தொடங்கிய வேலை. இன்று சுமார் 100 மீட்டர் நீளம் மிஞ்சியிருக்கிறது. அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும். வேறெதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

13. விற்பனைக் கூடமும் ஏலத்துக்கு முந்தின நாளும்

அருங்காட்சியகத்தில் தொட முடியாது, பின்பக்கம் பார்க்க முடியாது. இந்த இரண்டும் வேண்டுமென்றால் வியாபாரிகளிடம் போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. இடைக்காலப் பொருள் விற்கும் கூடங்களில் கதவு பூட்டியிருக்கும், மணியடித்தால் திறப்பார்கள். வாங்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பொய்யாக விலை கேட்டுக்கொண்டிருப்பவரை அவர்கள் முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்வார்கள்.

பாரிஸின் துரூஓ ஏல மாளிகையில் விற்பனைக்கு முந்தின நாள் எல்லோருக்கும் இலவசமாகக் காட்சி உண்டு. கேட்டால் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். மரச் சிற்பத்தைத் திருப்பிப் பாருங்கள்: விரிசல் விடாதிருக்கப் பின்னால் குடைந்திருப்பார்கள், புழுத்துளை ஒழுங்கில்லாமல் ஓடும். துளைகளுக்குப் பதிலாக நீளவாக்கில் வெட்டுப்பட்ட புழுவழிகள் மேற்பரப்பில் தெரிந்தால், பழைய மரத்தை அறுத்துப் புதிதாகச் செதுக்கியது என்று சந்தேகிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோதிக் என்ற இடைக்காலப் பாணி மோகத்துக்குச் செய்த நகல்கள் ஏராளம்; அழகாக இருப்பதால் பழையது என்று அர்த்தமில்லை.

வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், விலைக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். யார் யார் கையில் இருந்தது என்ற எழுத்துப்பூர்வ வரலாறு. எங்கெங்கே பழுது பார்த்தது என்ற நிலையறிக்கை. நாட்டை விட்டு எடுத்துப்போக ஏற்றுமதிச் சான்றிதழ். பிரெஞ்சு அரசு ஒரு பொருளைத் தேசியப் பொக்கிஷம் என்று முடிவு செய்தால் சான்றிதழை மறுத்து, 30 மாதம் வரை நிறுத்திவைத்துத் தானே வாங்க முயலலாம். தந்தமானால் எத்தனை பழையதாக இருந்தாலும் தனிச் சான்று வேண்டும்; அது இல்லாமல் விமான நிலையத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.